நான் கட்டிய நாடிக்கட்டு

1

இன்று அம்மாவின் ஆட்டைத்திவசம், செத்து ஒரு வருசம். ஐயர் வந்து மந்திரத்தைக் கடகடவென்று சொல்லி முடித்து, அரிசியையும் காய்கறியையும் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு வீட்டுத் திவசத்துக்கு ஓடிவிட்டார். வாசுகி கறிச்சட்டிகளை மூடி வைத்துவிட்டு யன்னலடியில் நின்று றோட்டைப் பார்க்கிறாள். வாசுகி என் மனைவி. நாங்கள் இரண்டுபேரும் அபிக்காகக் காத்திருக்கிறோம். காலையிலிருந்து அபியின் போன் ஓஃப்.

அபி எங்களுக்கு ஒரே பிள்ளை. யூனிவேர்சிட்டியில் மார்க்கெற்றிங் படிக்கிறாள். எட்மண்டனில் சிநேகிதிகளோடு வாடகை வீடு. நாங்கள் லூயிஷாமில். லண்டனின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலுக்கு வர வேண்டும், ரயிலும் மாற வேண்டும், எனவே பிந்தலாம். போனில் சார்ஜ் இல்லாமல் போயிருக்கலாம். வேறு தகப்பன்மார் என்றால் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு இலையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு ஒரு வாய் தண்ணீரும் இறங்கவில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேதத்துக்குக் கட்டுகிற துணியை, உயிரோடிருக்கிற என் பிள்ளையின் நாடியில், அதுதான் மோவாயில், என்னுடைய இந்தக் கையால் கட்டினேன். போன வருசம், அம்மா செத்த அந்தக் கிழமையில். அன்றிலிருந்து அவளுக்கு என்ன வரப்போகிறதோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறேன். இந்த ஆட்டைத்திவசம் தாண்டிவிட்டால் கண்டம் தாண்டியது என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பார்த்தால், தாண்டுகிற நாளில் பிள்ளையைக் காணோம்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்காதீர்கள். நான் பிறவியிலேயே பயந்தவன். பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பயந்தான்' என்றுதான் கூப்பிட்டார்கள். லண்டனில் இத்தனை வருசம் பஸ் ஓட்டியும் இன்றைக்கும் நீல விளக்குப் போட்ட வாகனம் பின்னால் வந்தால் என்னைப் பிடிக்கத்தான் வருகிறது என்று ஒரு கணம் நினைப்பேன். அவள் வரும்வரைக்கும் சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

2

அம்மா எங்களோடுதான் இருந்தா. எண்பது தாண்டிவிட்டது, காது அறவே கேளாது, இருதயத்துக்கு இரத்தத்தை இளக்குகிற குளிசை. குளிப்பாட்டுவது, குளிசை கொடுப்பது, கால் உளைவுக்கு எண்ணெய் பூசுவது எல்லாம் வாசுகிதான்.

அன்று எனக்கு அதிகாலை ஷிப்ட். கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திப் போனை எடுத்தால் வாசுகியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"இஞ்சேருங்கோ... மாமி எழும்புறா இல்லை. தொட்டா குளிருது."

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறந்தபடி கிடந்தா. நான் அழவில்லை, முதலில் வந்தது பயம்தான். அடுத்து என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது, வாசுகிக்கும் தெரியாது. அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. செத்தவருக்கு எதற்கு அம்புலன்ஸ்? எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தேன், டூட்டிங்கில் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணைக்குப் போன் போட்டேன்.

அண்ணை ஒருதரம் குழறி அழுதார். உடனே மூக்கை உறிஞ்சிவிட்டுக் கட்டளை போடத் தொடங்கினார். "டேய், விறைக்க முதல் நாடியைக் கட்டு. கால் பெருவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டு. தலையைத் தெற்கால திருப்பு. நான் கடையைப் பூட்டிப்போட்டு வாறன்."

தெற்கு எது? இருபது வருசம் குடியிருந்த வீட்டில் எனக்குத் தெற்குத் தெரியவில்லை. வாசுகி போனில் திசைகாட்டியைத் தட்டிப் பார்த்துச் சொன்னாள்.

நாடிக்கட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். திறந்த வாயை மூடி, நாடிக்குக் கீழே துணியைக் கொடுத்து, காதோரமாக மேலே எடுத்து உச்சியில் முடிகிறது. ஊரில் அதற்குக் கை பழகினவர்கள் இருப்பார்கள். சொல்லாமலே வந்து கட்டிவிட்டுப் போவார்கள். நான் இருபத்திரண்டு வயதில் நாட்டை விட்டு வந்தவன். அன்றுவரை ஒரு பிரேதத்தைத் தொட்டதில்லை. பஸ் ஓட்டும்போது இடைக்கிடை, எனக்கு இந்த நாட்டில் யார் கட்டப்போகிறார்கள், இருப்பது ஒரு பெண்பிள்ளை, அதுவும் இங்கிலீஷில் கனவு காண்கிற பிள்ளை என்று யோசித்துப் பயப்படுவேனே தவிர, நான் இன்னொருவருக்குக் கட்ட வேண்டிவரும் என்று நினைத்ததேயில்லை.

என் பழைய வேட்டியில் ஒரு கீலம் கிழித்தேன். கை நடுங்கியது. கட்டினால் துணி நாடியில் நிற்கவில்லை, வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியது. மேலே இழுத்து இறுக்கினேன். திரும்பவும் இறங்கியது. இன்னும் இறுக்கினேன். வாசுகி அழுதழுது வெந்நீரில் அம்மாவின் முகத்தைத் துடைத்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, திருநீறு பூசி, கால்விரல்களை நூலால் கட்டினாள்.

அபி அப்போது விடுமுறைக்கு வந்து மேலறையில் படுத்திருந்தாள். சத்தம் கேட்டு இறங்கி வந்தவள் வாசலில் நின்று, "999க்கு அடிச்சாச்சா?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள்தான் அழுதுகொண்டு எண்களை அழுத்தினாள்.

அம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணை வந்துவிட்டார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தவர் கழுத்தைக் கண்டுவிட்டு என்மேல் பாய்ந்தார்.

"உதை அவிழடா! வெள்ளைக்காரன் கழுத்தில துணியைக் கண்டானெண்டால் வேற மாதிரித்தான் நினைப்பான்!"

அவிழ்த்தேன். விரல் நூலையும் அறுத்தோம். அந்தக் கீலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வோஷிங் மெஷினுக்குள் ஊத்தை உடுப்போடு திணித்தேன். திரும்பினால் அபி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.  அம்மாவின் கழுத்தில் ஒரு கோடு மட்டும் போகாமல் இருந்தது.

3

அம்புலன்ஸில் வந்த பெடியன் நல்லவன். மண்டியிட்டு இருந்துதான் அம்மாவைப் பார்த்தான். கழுத்துக்கு வந்ததும் அவனுடைய முகம் மாறியது. கையில் நீலம் பாரித்த இடங்களையும் பார்த்தான். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவன் எங்களை அறையை விட்டு வெளியே வரச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்தது.

என்னிடம் ஒரு பொலிஸ்காரர் கேட்டார், வாசுகியிடம் ஒரு பொலிஸ்காரி. வேறு வேறு அறையில். நான் ஆங்கிலத்தில் திக்கித் திக்கி, "அம்மாவை நாங்கள் தயார் செய்தோம்" என்றேன். "எதற்குத் தயார் செய்தீர்கள்?" என்று அவர் கேட்டார்.  பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இருக்கிறது. பெற்ற தாயின் பிரேதத்தைப் பற்றிச் சொல்ல எங்கே இருக்கிறது?

வாசுகியிடம் கேட்டது அதைவிட மோசம். காலையில் வீட்டில் யார் இருந்தது? அவளும், மேலே நித்திரையில் மகளும். அம்புலன்ஸுக்கு ஏன் இவ்வளவு நேரம் அடிக்கவில்லை? தோன்றவில்லை என்றால் நம்புவார்களா? முதல் நாள் சத்தம் போட்டது யார்? அது பக்கத்து வீட்டுக்காரி சொன்ன தகவல், இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் கிழவிக்குக் கத்துகிற சத்தம் கேட்கிறதாம். கேட்காமல்? செவிட்டு மனிசிக்கு, "மாமி, குளிசை போட்டனீங்களோ?" என்று கத்தாமல் காதுக்குள் இரகசியமாகவா சொல்ல முடியும்? கழுத்தில் கோடு, கையில் கண்டல், தனியாக இருந்த மருமகள், தினசரி சண்டை. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

அம்மாவைக் கொண்டு போனார்கள். அறையை அடைத்து நாடா ஒட்டினார்கள். மரண விசாரணை அதிகாரியை இங்கே கொரோனர் என்பார்கள். அவர் சொல்லும்வரைக்கும் பிரேதம் தரமாட்டார்களாம், வெட்டிப் பார்ப்பார்களாம். வாசுகி எங்கேயும் தூரப் பயணம் போவதென்றால் அறிவிக்க வேண்டுமாம்.

அவர்கள் போனபிறகு அண்ணை கதவைச் சாத்தினார். "ஒருத்தரும் துணிக் கதை கதைக்கப்படாது. கழுத்தில துணி கட்டினனெண்டு சொன்னியோ, கதை முடிஞ்சுது. விளங்குதோ?" என்றார். அபியையும் பார்த்து, "உனக்கும்தான் பிள்ளை," என்றார். அபி மேலே போய்விட்டாள்.

4

அண்ணையைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் எனக்கும் அந்தப் பயத்தை ஊட்டியது அம்மாதான்.

எங்கள் அப்பா, யுத்த காலத்தில், ஊரில் ஒரு ஆமிச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் றோட்டில் செத்துக் கிடந்தார். எப்படிச் செத்தார் என்று ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரியில், பிரேதத்தை எடுப்பதற்கு முன்னால், ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், "சைக்கிளால விழுந்துதானே?" கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. பின்னால் துவக்கோடு இரண்டு பேர். அம்மா எங்கள் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு "ஓம்" என்றா. அப்பாவுக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது.

வெளியே வந்து அண்ணை துள்ளினார், "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"வாயைத் திறந்தால் பிரேதம் வராது, மேனை. எனக்கு உங்கட அப்பாவை வீட்ட கொண்டுபோக வேணும்."

கொண்டு போனோம், எரித்தோம். அதற்குப்பிறகு எந்தச் சீருடை போட்டவர் எதைக் கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் எங்கள் வீட்டுப் பாடம். லண்டனுக்கு வந்து கவுன்சில்காரர் மூன்றாம் வீட்டுப் பூனையைப் பற்றி விசாரித்தபோதுகூட நான் தெரியாது என்றுதான் சொன்னேன்.

5

பிறகு வந்த நாட்களைப் போல எதிரிக்கும் வரக்கூடாது. "எப்ப செத்தவீடு?" என்று சனம் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. திகதி தெரியாமல் மரண அறிவித்தல் கொடுக்க முடியாது. "ஏன் வெட்டீனம்?" என்று அடுத்த கேள்வி. அதற்கு என்ன சொல்வது? ஒரு மனிசி, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், வாசுகியிடமே நேராகக் கேட்டா, "மாமியோட உனக்குக் கொழுவல் ஏதுமோ?"

செத்தவீடு முடியாமல் அடுப்பு மூட்டக்கூடாது. அண்ணை வீட்டிலிருந்து வந்த சாப்பாடு வந்தபடியே திரும்பிப் போனது. துடக்கு, சாவுத் தீட்டு என்று வோஷிங் மெஷினும் போடவில்லை. அந்தக் கீலம் உள்ளேயே கிடந்தது. குசினிக்குள் போகும்போதெல்லாம் அதன் வட்டக் கண்ணாடி என்னையே பார்த்தது.

ஒருநாள் மத்தியானம் வாசுகி என் பக்கத்தில் வந்து இருந்தாள். அழுகிற கட்டம் அவளுக்குத் தாண்டிவிட்டது.

"நீங்கள் கட்டினதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. உங்களைக் கொண்டுபோயிடுவாங்கள். நீங்கள் தாங்கமாட்டியள்."

"உன்னையெல்லோ சந்தேகப்படுறாங்கள்?"

"என்னைக் கேக்கட்டும். நான் ஒண்டும் செய்யேல்ல. செய்யாத ஆளை என்ன செய்யிறது?"

செய்யாத ஆட்களை என்னென்ன செய்தார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் ஊரில் பார்த்து வளர்ந்தவர்கள். அது தெரிந்துகொண்டுதான் அவள் சொன்னாள். நான் ஆம்பிளை, "இல்லை, நான் சொல்லுறன்" என்று எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. பயம் காலைக் கட்டிப்போட்டுவிட்டது.

6

அடுத்த நாள் கொரோனர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். வயதான வெள்ளைக்காரி, நரைத்த குட்டைத் தலைமயிர், காலில் நடை சப்பாத்து. கூட ஒரு பொலிஸ்காரியும் வந்து மூலையில் இருந்தாள். வந்தவர் தன் பெயர் மோரீன் என்றார்.

"நான் பொலிஸ் இல்லை. நர்ஸ்," என்றார். "நிறைய வருசம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தேன். இப்போது இறந்தவர்களைப் பார்க்கிறேன். உங்கள் அம்மா இப்போது என்னுடைய நோயாளி."

செத்தவர்களுக்கும் நர்ஸ் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். எல்லா இடத்திலும் இந்த வேலையை நர்ஸ்மார் செய்வதில்லையாம். முன்னாள் பொலிஸ்காரரும் செய்கிறார்களாம். நல்லகாலம் எங்களுக்கு நர்ஸ் வாய்த்தார்.

அவர் கொலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மா எந்தப் பக்கம் சரிந்து படுப்பா, எத்தனை தலையணை வைப்பா, கடைசிக் கிழமையில் கால் வீங்கியதா, மூச்சு வாங்கியதா என்றெல்லாம் கேட்டார். குளிசைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரத்தம் இளக்கும் குளிசையைக் கையில் எடுத்து, "இதைப் போடுகிறவர்களுக்கு மெல்லப் பிடித்தாலே கண்டிவிடும். யார் அவரைத் தூக்கி இருத்துவது?" என்றார். வாசுகி பயந்தபடி கையைத் தூக்கினாள். "எப்படிப் பிடிப்பீர்கள்?" வாசுகி தன் கையிலேயே பிடித்துக் காட்டினாள். மோரீன் அந்த விரல்கள் பதிந்த இடங்களைப் பார்த்துத் தலையாட்டினார். வாசுகியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் உங்கள் அம்மாவைப் பிரேத அறையில் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். தலை வாரியிருந்தது, எண்ணெய் வைத்திருந்தது. நெற்றியில் சாம்பல் குலையாமல் இருந்தது. இரண்டு கால் பெருவிரல்களிலும் மெல்லிய கோடு இருந்தது. ஒருவரும் ஒருவரைக் கால்விரலில் கட்டிக் கொல்வதில்லை. உயிர் போனபிறகு யாரோ அவரைப் பார்த்துப் பார்த்துக் கவனித்திருக்கிறார்கள். என்ன செய்தீர்கள்?"

 கதவடியில் நின்ற அண்ணை தொண்டையைச் செருமினார். "தம்பி," என்றார், எச்சரிக்கையாக. வாசுகி என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். எனக்குக் காதுக்குள் அம்மாவின் குரல் கேட்டது, வாயைத் திறந்தால் பிரேதம் வராது.

மோரீன் காத்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "டொக்டர் உள்ளே பார்க்கும்போது, இரத்தம் ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்த அடையாளமா, நின்றபிறகு விழுந்ததா என்று பெரும்பாலும் தெரியும். இவ்வளவு வயதான தோல், இந்தக் குளிசைகள், அதனால் முழுத் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். கழுத்தில் எது பட்டதென்று நீங்கள் சொல்லாவிட்டால் அது காரணம் தெரியாத அடையாளமாகவே இருக்கும். கேள்விகளும் நிற்காது. அன்று காலை வீட்டிலிருந்தவரிடம்தான் திரும்பத் திரும்ப வரும்."

அபி படியில் இருந்தாள். இத்தனை நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். "அப்பா," என்றாள், "சொல்லுங்கோ. அம்மாவுக்காகச் சொல்லுங்கோ."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன்.  மெஷினைத் திறந்து, உடுப்புகளுக்குள் கைவிட்டு, அந்தக் கீலத்தை எடுத்து வந்து மோரீனுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். "நான்தான் கட்டினேன். என் மனைவி இல்லை. எனக்குக் கட்டத் தெரியாது, வழுக்கிப் போய்விட்டது," என்றேன். அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டார். பொலிஸ்காரி எழும்பினாள். இதோ விலங்கு மாட்டப்போகிறாள் என்று கைகளை முன்னால் நீட்டினேன். அவள் ஒரு கடதாசிப் பையை விரித்து, கையுறை போட்டு, துணியை எடுத்து உள்ளே வைத்தாள். நீட்டின கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

மோரீன் என் பக்கம் திரும்பினார். "நான் பயிற்சிக்குப் போன காலத்தில் வார்ட்டில் யாராவது இறந்தால் நாங்களும் பண்டேஜால் நாடியைக் கட்டுவோம். கணுக்காலையும் கட்டுவோம். அடையாளம் விழுகிறது, பிறகு விசாரணையில் குழப்பம் வருகிறது என்று நிறுத்திவிட்டார்கள். கால்விரலைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது," என்றார். வெள்ளைக்காரியும் கட்டினவளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அம்மா செத்தபிறகு வந்த முதல் அழுகை.

ஆனால் விசயம் முடியவில்லை. எப்படிக் கட்டினேன், எத்தனை சுற்று, முடிச்சு எங்கே வந்தது, எந்தப் பக்கம் வழுக்கியது, எல்லாம் அவருக்கு வேண்டும். கோட்டோடு பொருந்த வேண்டுமாம். வேட்டியில் இன்னொரு கீலம் கிழித்துச் சோபாத் தலையணையில் கட்டிப் பார்த்தேன். தலையணைக்கு நாடி ஏது? திரும்பத் திரும்பக் கட்டினேன், குழம்பினேன். மோரீன், "பரவாயில்லை, வாயால் சொல்லுங்கள், போதும்," என்றார்.

அதற்குள் அபி எனக்கு முன்னால் வந்து நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தாள். நாடியை உயர்த்தினாள்.

"என்னில கட்டிக் காட்டுங்கோ."

"ஐயோ! எழும்படி சனியனே!" வாசுகி அலறினாள். "பிரேதத்துக்குக் கட்டுற துணியடி! உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் கட்டுவினமோ? கடவுளே!"

அண்ணையும் கத்தினார். மோரீன் குனிந்து அபியைப் பார்த்து, "கட்டாயமில்லை, உனக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டார். அபி ஆங்கிலத்தில் சொன்னாள், அப்பம்மாவுக்கு அன்று அம்மாவும் அப்பாவும் எல்லாம் செய்தார்கள், என்னைக் கூப்பிடவில்லை, நான் மேலே நித்திரை கொண்டேன், இதையாவது செய்கிறேன் என்று. பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "கட்டுங்கோ அப்பா. அம்மாவை அவங்கள் விடவேணுமெண்டால் கட்டுங்கோ," என்றாள்.

அவளுக்கு இருபது வயது. கண்ணைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடிக்குக் கீழே துணியைக் கொடுத்து, காதோரம் எடுத்து, முடிந்தேன். கை அன்றுபோலவே நடுங்கியது. துணி அன்றுபோலவே வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியது. அவளுடைய தொண்டை அசைவது என் விரலில் பட்டது. மேலே இழுத்தேன். திரும்பவும் இறங்கியது.

"அப்படியே விடுங்கள்," என்றார் மோரீன். பொலிஸ்காரி பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தாள். துணியை அவிழ்த்தபிறகு அபியின் கழுத்தில் இலேசாகச் சிவந்த கோடு இருந்தது. மோரீன் அதை வெகுநேரம் பார்த்தார். வாசுகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பியிருந்தாள்.

7

சில நாள் கழித்து மோரீன் போன் போட்டார். அம்மா நித்திரையிலேயே இருதயம் நின்று போயிருக்கிறா. கோடு பிறகு விழுந்தது. கை நீலம், தூக்கி இருத்திய கைகளாலும் குளிசையாலும். வாசுகியை இனி யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார், இனி யாருக்கும் நடந்தால் முதலில் போன், பிறகு மற்றதெல்லாம், உங்கள் ஆட்களுக்கும் சொல்லுங்கள் என்று. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

அம்மாவைத் தந்தார்கள். செத்தவீடு முடிந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தது. வாசுகி மீண்டாள். எனக்குத்தான் அதற்குப்பிறகு தொடங்கியது. அபிக்குச் சளிக் காய்ச்சல் வந்தாலும் அந்தத் துணி, அவள் சைக்கிள் வாங்கினேன் என்றாலும் அந்தத் துணி. சிவன் கோவிலில் அவள் பெயருக்குச் செய்யாத அர்ச்சனையில்லை. அவளிடம் சொன்னால், "அப்பா, சில்," என்பாள், பதறாதீர்கள் என்று அர்த்தம்.

8

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசுகி யன்னலடியில் இருந்து, "வாறாள்!" என்று கத்தினாள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். மிச்சத்தை இப்போது, சாப்பிட்டு எழும்பிய பிறகு எழுதுகிறேன்.

இஸ்திரி போட்ட சேட்டும் கறுப்புக் கோட்டுமாய் வந்து நின்றாள். நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

"எங்கை போனனீ? ஏன் போனை நிப்பாட்டினனீ?"

"இன்ரவியூ அப்பா. உள்ளுக்கை போன் விடமாட்டினம். பிறகு போட மறந்துபோனன், சொறி."

"என்ன வேலைக்கு?"

"வேலை இல்லை. நர்சிங் படிக்க. மார்க்கெற்றிங்கை விடப்போறன்." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "மோரீனோட கதைச்சனான். முதல் நர்சிங் முடிச்சு, வார்ட்டில கொஞ்ச வருசம் நிண்டு, பிறகு அவ செய்யிற வேலைக்கு வரலாமாம்."

"செத்த ஆக்களைப் பாக்கிற வேலைக்கோ?" வாசுகியின் கையிலிருந்த கரண்டி நிலத்தில் விழுந்தது.

நான் ஒரு வருசமாகப் பயந்தது, வருத்தத்தையும் விபத்தையும். இது என் கணக்கில் இருக்கவில்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அம்மா படமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. மறைத்து என்ன பயன் என்று சொல்லிவிட்டேன். "எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை. அண்டைக்கு நான் கட்டினது உன்னை விடேல்ல."

அபி படியில் என் பக்கத்தில் இருந்தாள். வழமையாகச் சொல்கிற 'சில்' இந்தமுறை வரவில்லை.

"ஓம் அப்பா, விடேல்ல," என்றாள். "நீங்கள் துணியைக் கட்டேக்க உங்கட கை நடுங்கினது இன்னும் எனக்கு இஞ்ச இருக்கு." நாடியைத் தொட்டுக் காட்டினாள். "அண்டைக்கு மோரீன் வராட்டி அம்மாவுக்கு என்ன நடந்திருக்கும்? எங்கட ஆக்களின்ர வீட்டுக்கு, உங்களை மாதிரி வாயைத் திறக்கப் பயந்த ஆக்களின்ர வீட்டுக்கு, ஆரோ ஒராள் போகத்தானே வேணும்?"

நான் அவள் கழற்றிய சப்பாத்துகளை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இன்னொண்டு. நீங்கள் கட்டினது பிழை. நான் வீடியோ பார்த்தனான். துணி அகலமா இருக்கவேணும். முடிச்சு உச்சியில வரவேணும்." என் நாடிக்குக் கீழே கைவிரலை வைத்து, காதோரமாக உச்சிவரைக்கும் கொண்டுபோனாள். கை நடுங்கவில்லை. "உங்களுக்கு நான்தான் கட்டுவன். முதல் 999. பிறகு மோரீன் மாதிரி ஆக்கள் வந்து பாத்து, சரி எண்டு சொல்லவேணும். அதுக்குப் பிறகு வடிவாக் கட்டுவன். கழுத்துக்கு இறங்காது."

"திவசத்தண்டு தேப்பனும் மோளும் கதைக்கிற கதையைப் பார்!" வாசுகி விழுந்த கரண்டியை எடுத்து ஓங்கினாள். "எழும்புங்கோ ரெண்டுபேரும், சோறு ஆறுது."

எழும்பிப் போய் இலையில் உட்கார்ந்தோம். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பசித்தது.